வீட்டுக் காரை ட்ராக்குக்குத் தயார் செய்வது: எதை முதலில் மாற்றலாம், எதைத் தொடவே கூடாது

கேள்வி இதுதான். வைட்ஃபீல்டில் இருக்கிற ஒரு தம்பியிடம் 2019 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், மேனுவல் கியர். சென்னைக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ட்ராக் டே (சொந்தக் காரை ரேஸ் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஓட்டிவிட்டு வந்ததிலிருந்து ஆசை பிடித்துவிட்டது. ஜே.சி. ரோடு பக்கம் ஒரு கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: காரை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங், செமி ஸ்லிக் டயர் (பள்ளம் குறைந்த, அதிகம் ஒட்டும் டயர்), பின்னால் தடித்த ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), போல்ட் போட்டு மாட்டும் ரோல் கேஜ் (கார் உருண்டால் கூரை நசுங்காமல் காக்கும் குழாய்க் கூண்டு), இரண்டு பக்கெட் சீட், நான்கு முனை ஹார்னஸ் (தோளையும் இடுப்பையும் சீட்டோடு கட்டும் ரேஸ் பெல்ட்). பிரேக் பேட் கடைசி வரியில், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற குறிப்போடு. கையில் இரண்டு லட்சம். வார நாட்களில் இதே காரில்தான் மனைவியும் பள்ளிக்குப் போகிற மகளும். "அண்ணா, ஹேண்ட்லிங்கும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும். எதில் ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, அந்தப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்புங்கள். பிரேக் முதலில் வரட்டும். அப்புறம் டயர், அதன் பின் தேய்ந்துபோன சஸ்பென்ஷன் பாகங்களைப் புதிதாக்குவது, அலைன்மென்ட், நல்ல ஹெல்மெட். கேஜும் ஹார்னஸும் பக்கெட் சீட்டும் இந்தக் காரில் வேண்டவே வேண்டாம். அவை கெட்ட பொருள்கள் என்பதால் இல்லை. உங்கள் மகள் ஏறுகிற காரில் அவை இடம் மாறி உட்கார்ந்திருக்கும், அதனால்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வளைவில் கார் எவ்வளவு வேகம் தாங்கும் என்பது டயரின் பிடிமானத்தைப் பொறுத்தது. வளைவின் ஆரம் மாறாதபோது, வேகத்தின் வர்க்கம் பிடிமானத்தின் விகிதத்தில் கூடும். மோதலில் காரோடு வருகிற ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில்தான் கூடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: பிடிமானத்தை 20 சதவீதம் கூட்டினால், அதே வளைவை 100 கி.மீ. வேகத்துக்குப் பதில் சுமார் 110-இல் எடுக்கலாம். பிடி விட்டால், கார் வெளியே பறக்கும்போது சுமந்து செல்லும் ஆற்றலும் அதே 20 சதவீதம் கூடுதல். ஹேண்ட்லிங்குக்காக எதை வாங்கினாலும், தவறு நடந்தால் அடி பலமாக விழுவதற்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறீர்கள். 'பிடிமானம் கூடினால் பாதுகாப்பும் கூடும்' என்பது சாலையில் ஓரளவு உண்மை. அங்கே நாம் எல்லைக்குக் கீழே ஓட்டுகிறோம். ட்ராக்கில் எல்லையைத் தேடித்தான் போகிறோம். புது டயர் மாட்டிய அன்றே அதன் எல்லையையும் தேடுவோம்.

அதனால்தான் பிரேக் முதலில் வரவேண்டும் என்கிறேன். உங்கள் ஸ்விஃப்ட், உங்களையும் சேர்த்து, ஏறக்குறைய 950 கிலோ. நேர்பாதை முடிவில் 140-இலிருந்து 70-க்கு இறக்கினால் ஏறக்குறைய 540 கிலோ ஜூல் வெப்பமாக மாறவேண்டும். எடை முன்னால் சாய்வதால் அதில் பெரும்பகுதி முன் டிஸ்க்குகளுக்குத்தான் போகும். சாலையில் அப்படி ஒரு பிரேக் எப்போதோ ஒருமுறை. ட்ராக்கிலோ ஒவ்வொரு சுற்றிலும், ஆறுவதற்கு நேரம் கொடுக்காமல்.

பிரேக் 'போய்விட்டது' என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் காலாலேயே பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்கவில்லை என்றால் பேட் அதிகச் சூடாகிவிட்டது. பெடல் பஞ்சு போல உள்ளே போய்க்கொண்டே இருந்தால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவி அழுந்தும் என்பதால் உங்கள் கால் கொடுக்கும் விசை பேட்டை அழுத்தும் காலிப்பரைச் சேரவே சேராது. முதலாவது பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிட்டு வரும். இரண்டாவது ஒரே வளைவில் வந்துவிடும். பெடலை விட்டுவிட்டு வேகமாக இரண்டு மூன்று முறை அடித்தால் கொஞ்சம் அழுத்தம் திரும்பக் கிடைக்கலாம். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வருமா என்பது வேறு விஷயம்.

பிரேக் ஆயில், உப்பு ஈரத்தை இழுப்பது போல, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140. டாட் 4 என்றால் 230-உம் 155-உம். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸ் ஆயில் புதிதில் 312 டிகிரி, ஈரத்தோடும் 200-க்கு மேல். வண்டி வாங்கியதிலிருந்து மாற்றாத ஆயிலோடு ட்ராக்குக்கு வருகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அலாய் வீல் மின்னுகிறது, மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் இருப்பதோ டீ நிறத் தண்ணீர். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை இது. ட்ராக் டேக்கு முந்தைய வாரம் நான்கு சக்கரத்திலும் முழுதாக ப்ளீட் செய்து, அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றி, மாற்றிவிடுங்கள். சூடு நிறைய ஏறிய நாளுக்குப் பிறகு மறுபடி ப்ளீட் செய்யுங்கள்.

பேட் விஷயத்தில் ஒரு சமரசம் உண்டு. முழு ரேஸ் பேட் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. காலை எட்டு மணிக்கு வர்த்தூர் ரோட்டில் ஸ்கூல் வேன் ஒன்று திடீரென்று நின்றால், உங்கள் பேட் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். ஆகையால் குளிரிலும் பிடிக்கிற, சாலைக்கும் ட்ராக்குக்கும் பொதுவான பேட் வாங்குங்கள். அல்லது ட்ராக் பேட் தனியாக வைத்துக்கொண்டு அங்கே போய் மாற்றுங்கள். முன் பேட் மாற்றுவது அரை மணி நேர வேலை. புது பேட்டை முறையாகப் பழக்காமல் நேராக ட்ராக்கில் ஏறக் கூடாது. பின்னால் டிரம்தான் இருக்கிறது. அதைத் தொடவேண்டாம், ஷூ தேய்மானம் மட்டும் பாருங்கள். பின்பக்கத்தில் கடிப்பு கூடினால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகப் பார்க்கும், கார் திரும்பிவிடும். பெரிய டிஸ்க், நான்கு பிஸ்டன் காலிப்பர் எல்லாம் இந்த எடைக்கும் பவருக்கும் தேவையில்லை. ஏபிஎஸ் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டச் சொல்கிற ஆட்கள் ட்ராக்கில் இருப்பார்கள். சிரித்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது டயர். உங்களுடையது 15 இஞ்ச் என்றால் 185/65 அளவு. அதே அளவில் நல்ல ஸ்போர்ட்ஸ் ரோடு டயர் நான்கு போதும். செமி ஸ்லிக் ஏன் வேண்டாம் என்றால், முதல் காரணம் மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர் வழியாகத் திரும்பி வரும் ஏறக்குறைய 300 கி.மீ. தூரத்தில் எங்காவது தண்ணீர் தேங்கித்தான் இருக்கும். பள்ளம் குறைந்த டயர் தண்ணீரை வெளியே தள்ளாது, மிதக்கும். இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். சாதாரண டயர் எல்லைக்கு வரும்போது கத்தும், மெதுவாக நழுவும், உங்களுக்குப் பாடம் நடத்தும். ஒட்டும் டயர் அவ்வளவு பேசாது. அதிக வேகத்தில், சட்டென்று விடும். கற்றுக்கொள்கிற காலத்தில் பேசுகிற டயர்தான் நல்லது.

ஒட்டும் டயர் கூடவே வேறு செலவையும் இழுத்து வரும். வளைவில் விசை கூடும்போது வீல் பேரிங், லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட் எல்லாவற்றுக்கும் சுமை கூடும். நீண்ட வளைவில் என்ஜின் ஆயில் அடித்தொட்டியான சம்பின் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிற நிலைகூட வரலாம். எந்த டயராக இருந்தாலும் ட்ராக்குக்குப் போகும்போது என்ஜின் ஆயில் மேல் கோட்டுக்கு இருக்கட்டும், அதற்கு மேலும் வேண்டாம்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்க எண் பாருங்கள். 3222 என்றால் 2022-ஆம் ஆண்டு 32-ஆவது வாரம் செய்தது. பழைய டயரைத் தள்ளுபடியில் வாங்கி ட்ராக்கில் 'தீர்த்துவிடலாம்' என்று நினைக்காதீர்கள், ரப்பர் இறுகியிருக்கும். முன்னால் மட்டும் நல்ல டயர், பின்னால் பழசு என்ற கலவையும் வேண்டாம். முன்சக்கரம் இழுக்கும் வண்டிதானே, முன்னால்தானே வேலை என்று தோன்றும். முன்பிடி கூடி பின்பிடி குறைவாக இருந்தால் பின்பக்கம்தான் முதலில் போகும்.

காற்றழுத்தம்: ட்ராக்கில் டயர் சூடானால் அழுத்தம் பல புள்ளிகள் ஏறும். உள்ளே வந்தவுடன், ஆறும் முன்பு அளந்து, கூடுதலை விடுவார்கள். சரி. ஆனால் மாலையில் ஊர் திரும்பும்போது, குளிர்ந்த டயரில் அந்தக் குறைந்த அழுத்தத்தோடு, மூன்று பேரையும் லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு ஹைவேயில் நூறில் போகிறவர்கள் உண்டு. டயர் வெடிக்கிற வழிகளில் அது ஒன்று. புறப்படும் முன் கையேட்டில் சொன்ன அளவுக்குத் திரும்ப நிரப்புங்கள். வீல் நட்டையும் முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியபின் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.

இப்போது சஸ்பென்ஷன். பட்டியலில் உங்களை அதிகம் கவர்ந்தது இதுதான் என்று தெரிகிறது.

முதலில், இப்போது இருப்பது எந்த நிலையில் இருக்கிறது? பெங்களூரு சாலையில் ஓடிய கார். கண்ணுக்கே தெரியாத ஹம்ப், மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடிய பள்ளம், ஏரி உடைந்தது போல மழை. ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிகிறதா, லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா, ஸ்ட்ரட் மவுன்ட் சத்தம் போடுகிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். தேய்ந்த புஷ் மேல் புது ஸ்பிரிங் போடுவது வீண். கம்பெனி ஷாக், கம்பெனி புஷ் புதிதாகப் போட்டு அலைன்மென்ட் செய்தால், பலருக்கு 'ஹேண்ட்லிங் கிட்' போட்ட மாதிரியே இருக்கும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். அதில் அவருக்கு லாபம் குறைவு.

40 மி.மீ. இறக்குவதைப் பற்றி. கார் தாழ்ந்தால் ஈர்ப்பு மையம் தாழும், சாய்வு குறையும் என்பார்கள். பாதிதான் உண்மை. ஸ்விஃப்டின் முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது சக்கரத்தை மேலே ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணும், கீழே லோயர் ஆர்மும் பிடித்திருக்கும் அமைப்பு. கார் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்த ரோல் சென்டர் லோயர் ஆர்மின் கோணத்தைப் பொறுத்து அமைகிறது. காரை இறக்கும்போது ஆர்மின் வெளிமுனை மேலே போகும். ரோல் சென்டர், ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. உடலைச் சாய்க்கும் நெம்பு நீளம் அந்தத் தூரம்தான். அதாவது, ஸ்பிரிங்கின் கடினம் அதேயளவு இருந்தால் இறக்கிய கார் அதிகமாகவே சாயும். அதைச் சரிக்கட்ட ஸ்பிரிங்கை இன்னும் கடினமாக்கவேண்டும். ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிப் போய்விட்டால், வளைவில் அமுங்கும்போது சக்கரம் உள்பக்கம் சாய்வதற்குப் பதில் வெளிப்பக்கம் சாயத் தொடங்கும். டயரின் முழு முகமும் தரையில் படாது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் ஆர்மும் வேறு வேறு வளைவரையில் நகர்வதால், மேடு பள்ளத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே சக்கரம் திரும்பும்.

இன்னொன்று பம்ப் ஸ்டாப், ஷாக் முழுதாக அமுங்கும்போது தடுக்கும் ரப்பர். ஷாக் அமுங்கும் தூரம் 40 மி.மீ. குறைந்துவிட்டால் வளைவின் நடுவில் சிறு மேடு வந்தாலே ஸ்டாப்பில் போய் இடிக்கும். இடித்த கணத்தில் அந்த மூலை பாறை போல இறுகிவிடும். முன்னால் நடந்தால் கார் நேராக வழுக்கும். பின்னால் நடந்தால் பின்பக்கம் எகிறி வெளியே வரும். ட்ராக்கின் மழமழப்பில் நன்றாக இருந்த அமைப்பு, பின்சீட்டில் ஆளும் டிக்கியில் பையும் ஏறிய பிறகு மாரத்தஹள்ளி பாலத்தின் இணைப்பில் இப்படி நடந்துகொள்ளும்.

நீங்கள் இறக்கியே ஆகவேண்டும் என்றால் 15 அல்லது 20 மி.மீ.; அந்த உயரத்துக்கென்றே செய்த ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஜோடியாக. இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தைவிட்டு நழுவும். திரும்ப உட்காரும்போது கோணலாக உட்காரும்.

தடித்த பின் பார்தான் பட்டியலில் நைச்சியமான ஆபத்து. முன்சக்கரம் இழுக்கும் ஹேட்ச்பேக்கில் அண்டர்ஸ்டியர் (ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு திரும்பாமல் வெளியே வழுக்குவது) குறைய அது உண்மையிலேயே வேலை செய்யும், அதனால்தான் எல்லாரும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் கம்பெனி ஏன் அண்டர்ஸ்டியர் வைத்து அனுப்புகிறது? வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்குகிறவரைக் காப்பாற்ற. கால் தூக்கினால் எடை முன்னே போகும், பின்பக்கம் லேசாகும். சாதாரண ஸ்விஃப்ட் அப்போது மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு அமைதியாகும். தடித்த பார் போட்ட ஸ்விஃப்ட் சுழன்றுவிடும். உங்கள் மாடலில் அதைப் பிடித்து நிறுத்த, சறுக்கலைத் தானே அடக்கும் ஈஎஸ்பி கிடையாது. ஓட்டுவது நீங்கள் என்றால் பழகிக்கொள்வீர்கள். மழை நாளில் சர்ஜாப்பூர் ரோட்டுத் திருப்பத்தில், குறுக்கே நாய் ஓடும்போது ஓட்டுவது உங்கள் மனைவி என்றால்? காரின் குணம் மாறியிருப்பது அவருக்குத் தெரியாது.

அண்டர்ஸ்டியர் குறைய வேறு வழி இருக்கிறது: முன் கேம்பர், அதாவது முன்சக்கரத்தின் சாய்வு. ஸ்விஃப்டில் ஸ்ட்ரட்டும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் இரண்டு போல்ட்டில் சேர்கின்றன. கேம்பர் போல்ட் போட்டு ஒன்றரை டிகிரி அளவுக்கு நெகட்டிவ் (சக்கரத்தின் மேல்முனை உள்பக்கம் சாய்வது) கொண்டுவரலாம். முன்பிடி கூடும், பின்பிடி அப்படியே இருக்கும், கார் பயமுறுத்தாது. டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யத்தில் அல்லது கம்பெனி அளவில் இருக்கட்டும். கேம்பர் போல்ட் இயல்பான போல்ட்டைவிட மெலிதானது. தரமானதை வாங்கி, சொன்ன டார்க்கில் இறுக்கி, பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒவ்வொரு செஷனுக்குப் பின்பும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். டயரின் உள்விளிம்பு கொஞ்சம் சீக்கிரம் தேயும், அதை ஏற்றுக்கொள்ளலாம்.

இனி கேஜ், சீட், ஹார்னஸ். இதில்தான் பலர் 'பாதுகாப்புக்குச் செலவு செய்கிறேன்' என்று நம்பி ஆபத்தை வாங்குகிறார்கள்.

கம்பெனி காரில் மூன்று முனை பெல்ட், மோதலில் அதை இறுக்கும் ப்ரீடென்ஷனர், ஏர்பேக், சீட், நசுங்குவதற்கென்றே விட்ட முன்பகுதி எல்லாம் ஒன்றுக்கொன்று நேரம் பார்த்து வேலை செய்கிற ஒரே அமைப்பு. ரேஸ் காரிலும் ஒரு முழு அமைப்பு இருக்கிறது: வெல்டிங் செய்த கேஜ், பின்சாயாத சீட், ஆறு முனை ஹார்னஸ், ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ். இரண்டும் நல்லவை. இதில் பாதி, அதில் பாதி என்று எடுத்தால் இரண்டின் காவலும் போய்விடும்.

ஹார்னஸை மட்டும் எடுங்கள். உடலை அது சீட்டோடு கட்டிவிடும். தலை மட்டும் சுதந்திரம். ஹெல்மெட்டின் எடையும் சேர்ந்து நேர் மோதலில் தலை முன்னே பறக்கும், கழுத்து தாங்கவேண்டும். 2001 பிப்ரவரியில் டேடோனாவில் அமெரிக்க ரேஸ் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து. அதே ஆண்டு அக்டோபரில் தலை, கழுத்துக் காப்பை அமெரிக்க ரேஸ் அமைப்பான நாஸ்கார் கட்டாயமாக்கியது. 2003-இல் ஃபார்முலா 1-உம் ஹான்ஸைக் கட்டாயமாக்கியது. உலகத்திலேயே திறமையான ஓட்டுநர்களுக்கே ஹார்னஸ் தனியாகப் போதவில்லை.

நான்கு முனை என்பது இன்னொரு சிக்கல். கால்களுக்கிடையே வரும் பட்டை இல்லாததால், தோள்மேல் வரும் பட்டை இறுகும்போது இடுப்புப் பட்டை மேலே ஏறி வயிற்றுக்குப் போகும். உடல் கீழே வழுக்கும். இடுப்பெலும்பு தாங்கவேண்டிய விசையைக் குடல் தாங்கும். தோள்மேல் வரும் பட்டைகளைப் பின்சீட்டு பெல்ட் போல்ட்டில் கட்டினால் அவை கீழ்நோக்கி இழுக்கும், முதுகெலும்பை அமுக்கும். கேஜ் இல்லாமல் ஹார்னஸ் போட்டால், கார் உருண்டு கூரை நசுங்கும்போது பக்கவாட்டில் சாய இடம் இருக்காது, நிமிர்ந்தே இருக்கவேண்டியதுதான்.

சரி, அதற்குத்தானே கேஜ் என்பீர்கள். கேஜ் என்பது ஹெல்மெட் போட்ட தலைக்கு. ஹெல்மெட் இல்லாமல் ஆபீஸ் போகும்போது பின்னாலிருந்து ஒரு டெம்போ இடித்தால், உங்கள் மண்டைக்கு விரல் தூரத்தில் எஃகுக் குழாய். மேலே சுற்றிய ஸ்பாஞ்ச் அதைத் தடுக்காது. பின்னால் இறங்கும் குழாய்கள் பின்சீட்டில் உட்காரும் குழந்தையின் தலைப்பக்கமாகப் போகும். குழாயின் தரம் வேறு கதை. உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி, குளிர்நிலையில் இழுத்த, தையல் இல்லாத கார்பன் எஃகு. பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. கனம், அல்லது 50-க்கு 2. கடையில் காட்டுவது கேட் செய்கிற வெல்டிங் குழாயாக இருந்தால் அது அலங்காரம். பக்கெட் சீட் மாற்றினால் சீட்டின் பக்க ஏர்பேக், உங்கள் மாடலில் இருந்தால், அதோடு போகும். பெல்ட் பக்கிளின் ஒயரிங்கும் தடுமாறி ஏர்பேக் விளக்கு எரியும். அந்த விளக்கை ரெசிஸ்டர் வைத்து அணைக்கும் ஆட்களிடம் காரை விடாதீர்கள்.

அப்படியானால் ட்ராக்கில் என்ன செய்வது? கம்பெனி சீட், கம்பெனி பெல்ட். சீட்டைக் கொஞ்சம் பின்னே தள்ளி, பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து லாக் செய்து, பிறகு சீட்டை முன்னே நகர்த்தினால் பெல்ட் இறுகிப் பிடிக்கும். வளைவில் ஸ்டியரிங்கைத் தொங்கிப் பிடிக்கவேண்டியிருக்காது. ஹெல்மெட் வாங்கும்போது ஸ்னெல் எஸ்ஏ என்ற சோதனை முத்திரை உள்ளதைப் பாருங்கள். அது கார்களுக்கானது, தீயைத் தாங்கும் சோதனையும், குழாயில் தலை மோதும் சோதனையும் அதற்கு உண்டு. பைக் ஹெல்மெட்டுக்குக் கிடையாது. எதை ஏற்பார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முழுக்கை பருத்திச் சட்டை போடுங்கள். நைலான் ஜெர்சி தீயில் உருகித் தோலில் ஒட்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து 'பயன்பாட்டு வரம்பு' பகுதியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்கப்பட்டிருக்கும். ட்ராக்கில் சுவரில் இடித்தால் முழுச் செலவும் உங்களுடையது என்று வைத்துக்கொண்டே போங்கள். மாற்றிய வண்டி சாலையில் விபத்தில் சிக்கினால் அதை வைத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி வாதாடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

பிரேக் ஆயில், பேட், நான்கு டயர், ஷாக், புஷ், கேம்பர் போல்ட், அலைன்மென்ட், ஹெல்மெட்: எல்லாம் சேர்த்து உங்கள் இரண்டு லட்சத்தில் பாதியைச் சுற்றித்தான் நிற்கும். மீதியை ட்ராக் கட்டணத்துக்கும் ஒரு பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்காரவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "இன்னும் பொறு, இப்போது திருப்பு" என்று சொல்வது, எந்த ஸ்பிரிங்கும் தராத நேரத்தைத் தரும். கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வே ட்ராக்குக்கும் ஒருமுறை போய்வாருங்கள். 2.1 கி.மீ.தான், ஆனால் வளைவுகள் நெருக்கமாக வருவதால் நிறையக் கற்கலாம்; இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கி.மீ. அளவுக்கு வேகம் ஏறாது, பிரேக்குக்கும் அவ்வளவு சூடு இருக்காது.

இதற்குமேல் வேண்டும் என்கிற நாள் வந்தால், இந்தக் காரைத் தொடாமல் இன்னொரு பழைய காரை வாங்குங்கள். பழைய எஸ்டீமோ முதல் தலைமுறை ஸ்விஃப்டோ போதும், 1.3 லிட்டர் என்ஜின் இரண்டுக்கும் உண்டு, இந்திய ரேஸிங்கில் நன்றாகப் பழகிய என்ஜின் அது. பின்சீட்டைக் கழற்றி, முழுக் கேஜ் வெல்டிங் செய்து, சரியான சீட், ஆறு முனை ஹார்னஸ், ஹான்ஸ் எல்லாம் ஒரேயடியாகப் போட்டு, ட்ரக்கில் ஏற்றிக் கொண்டுபோங்கள். அந்தக் காரில் 40 மி.மீ. இறக்குங்கள், தடித்த பார் போடுங்கள், ஸ்லிக் மாட்டுங்கள், யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. அதைக் கட்ட இரண்டு லட்சம் போதாது. சேர்த்துவைத்துச் செய்யுங்கள், பாதியில் ட்ராக்கில் இறக்காதீர்கள்.

ட்ராக் நாளன்று கடைசிச் சுற்றை பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அன்று மாலையே பெங்களூரு திரும்பவேண்டாம். வெயிலில் நாள் முழுக்க ஓட்டிய களைப்போடு ராத்திரி ஹைவே நல்லதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் தங்கி, காலையில் பெடல், பேட், காற்று, நட்டு பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்ட இரண்டு சின்ன விஷயம். ஸ்ட்ரட் பார் (இரண்டு பக்க ஸ்ட்ரட்டின் மேல்முனைகளை இணைக்கும் கம்பி) போடலாமா என்றால் போடலாம், கெடுதல் இல்லை, இந்தக் காரில் வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது. தீயணைப்பான் வாங்குவதாக இருந்தால் இரும்புப் பட்டையில், தரையோடு போல்ட் செய்து, உட்கார்ந்தபடி கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டுங்கள். சீட்டுக்கு அடியில் சும்மா உருண்டுகொண்டிருந்தால் பிரேக் பெடலுக்குக் கீழே வந்து நிற்கும்.